இருபது வயதைத் தாண்டியவளை யார் கேட்பது? பென்னாகரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மாதவிடாய் நலம்: நிகழ்வு ஆய்வு

ஊர் தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில், ஒகேனக்கல் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஊர்ப் பெயரையோ பெண்களின் பெயர்களையோ எழுதப்போவதில்லை. அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் விட்டுவிட்டேன். மானாவாரி நிலம். ராகி, நிலக்கடலை, துவரை, கொஞ்சம் மரவள்ளி. ஆண்களில் பலர் பெங்களூருவில் கட்டட வேலை செய்துவிட்டுப் பண்டிகைக்கோ விசேஷத்துக்கோ வருகிறார்கள். பெண்களுக்கு மாசியிலிருந்து சித்திரை முடிய புளி வேலை. மண்டிக்காரர் மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கும் புளியை ஓடு உடைத்து, நார் எடுத்து, கொட்டை தட்டிக் கொடுக்க வேண்டும். கூலி கிலோக் கணக்கில். எழுந்து போனால் எடை குறையும், எடை குறைந்தால் காசு குறையும். அதனால் காலையில் சாக்கை விரித்து உட்கார்ந்தால் மாலை வரை அதே இடம்தான். மாதவிடாய் நாட்களிலும் அப்படித்தான்.

நான் வட்டார அளவில் மகளிர் குழுக்களுக்குப் பயிற்சி கொடுப்பவள். இந்த ஊருக்கு என்னை வரச்சொன்னவர் அங்குள்ள கிராம சுகாதார செவிலியர். ஊரில் எல்லோருக்கும் அவர் நர்ஸம்மா. அவரிடம் வரும் பெண்களில் பலருக்கு ஒரே மாதிரியான தொந்தரவு: அரிப்பு, வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி, சிறுநீர் போகும்போது எரிச்சல். பெரும்பாலும் 25 வயதுக்கு மேற்பட்டவர்கள். மாத்திரை கொடுத்தால் அடங்குகிறது, அடுத்த தூரம் (மாதவிடாயை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) முடிந்ததும் திரும்ப வந்துவிடுகிறது. "மருந்து கேக்குதுங்க. மருந்து நின்னதும் பழையபடி வந்துடுது. வீட்டுல என்ன நடக்குதுன்னு பாக்கணும்" என்றார்.

சர்க்கரை நோய் இருந்தாலும் இந்த அரிப்பு வரும் என்பதால், சர்க்கரை பார்க்க வேண்டியவர்களுக்கு முதலில் பார்த்தார். சிலருக்கு இருந்தது. மற்றவர்களுக்குக் காரணம் வேறெங்கோ இருந்தது.

கணக்கில் வராத வயது

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, மாதவிடாய்க்குச் சுகாதாரமான முறையைப் பயன்படுத்தும் பெண்கள் இந்திய அளவில் நூற்றுக்குச் சுமார் 78 பேர், தமிழ்நாட்டில் சுமார் 98 பேர். இதில் அரசுக்குப் பெரிய பங்கு உண்டு. 2012-ல் தொடங்கிய புதுயுகம் திட்டத்தில், 10 முதல் 19 வயது வரையுள்ள கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கு இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட் நாப்கின் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் இலவசமாகக் கிடைக்கிறது. அரசு மருத்துவமனையில் பிரசவித்த தாய்மார்களுக்கும், சிறையில் இருக்கும் பெண்களுக்கும்கூடக் கொடுக்கிறார்கள். நாங்கள் பள்ளி படித்த காலத்தில் இப்படி ஒன்றை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. நல்ல திட்டம் என்று மனதாரச் சொல்வேன்.

ஆனால் அந்த 98 என்ற எண் 15 முதல் 24 வயதுவரை உள்ளவர்களிடம் கேட்டு எடுத்தது. திட்டம் 19 வயதோடு நிற்கிறது. பதின்மூன்று வயதில் பெரியவளாகும் ஒரு பெண்ணுக்கு நாற்பத்தாறு, நாற்பத்தேழு வரை மாதவிடாய் வருகிறது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலான இந்தக் காலத்தில் முதல் ஆறேழு ஆண்டுகளைத்தான் திட்டம் பார்க்கிறது. மருத்துவத் துறையின் பதிவேடும் அப்படித்தான் இருக்கிறது. கர்ப்பம் தரித்தால் பதிவு, பிரசவம், தடுப்பூசி, பிறகு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். அதோடு அவள் பெயர் பதிவேட்டிலிருந்து மெல்ல நழுவிவிடுகிறது. தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிலேயே செய்துகொள்கிறார்கள். அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் மாதாமாதம் ரத்தம் போகிற அந்தப் பெண்ணிடம் "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்கும் வேலை யாருடைய கடமையிலும் இல்லை. இந்த ஊரில் நான் பார்த்த எல்லாவற்றுக்கும் அடியில் இதுதான் இருந்தது.

பிள்ளைக்கு வருகிற நாப்கினிலேயே கணக்கு இடிக்கிறது. ஒரு பாக்கெட்டில் 6. மூன்று பாக்கெட்டுக்கு 18. அதாவது மாதத்துக்கு 9. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் இரண்டு நாளுக்கே 8 வேண்டும். அந்த ஒன்பதிலும் இரண்டு மூன்றை மகள் அம்மாவுக்கு எடுத்து வைக்கிறாள். அம்மா கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகும் நாளுக்கு என்று பத்திரப்படுத்துகிறாள். மகள் ஒரே நாப்கினைக் காலை முதல் சாயங்காலம் வரை வைத்துக்கொண்டு பள்ளியில் உட்கார்ந்திருக்கிறாள். யாரையும் குறை சொல்ல முடியாது. ஒருவர் மேல் ஒருவருக்கு உள்ள பாசத்தில்தான் இது நடக்கிறது.

மக்கள் மருந்தகத்தில் 2019 முதல் ஒரு ரூபாய்க்கு ஒரு நாப்கின் கிடைக்கிறது என்று சொன்னோம். அது டவுனில் இருக்கிறது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அது 2021-லிருந்து பெரிய உதவி. ஆனாலும் பஸ் வரும் நேரத்துக்குக் காத்திருந்து போய்வந்தால் அரைநாள் புளிக் கூலி போய்விடும். ஊர்க் கடையில் இருப்பது விலை கூடிய கம்பெனி நாப்கின்.

பூனம் சேலை

அதனால் இருபதைத் தாண்டியவர்கள் துணிதான் வைக்கிறார்கள். துணியைச் சொன்னதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சுத்தமான பருத்தித் துணியை நன்றாகத் துவைத்து, வெயிலில் காயவைத்து வைத்தால் அதில் ஒரு தவறும் கிடையாது. தேசிய ஆய்வு துணியைச் சுகாதாரமான முறைகளில் சேர்ப்பதில்லை. ஆனால் துவைத்துப் பயன்படுத்தும் நாப்கினுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பே 2021-ல் ஐ.எஸ். 17514 என்று தனித் தரம் வகுத்திருக்கிறது.

சிக்கல் துணியில் இல்லை, எந்தத் துணி என்பதில் இருக்கிறது. குழுக் கூட்டத்தில் ஒரு ஆயா சொன்னார்: "எங்க காலத்துல நூல் சேலை. கிழிச்சு மடிச்சு வெச்சா உறிஞ்சிக்கும். இப்ப இவங்க கட்டுறது பூராவும் பூனம் சேலை. அதைக் கிழிச்சு வெச்சா வழியத்தான் செய்யும்." யாரும் யோசிக்காத விஷயம் இது. பத்துப் பதினைந்து வருடத்தில் ஊரில் உடுப்பு மாறிவிட்டது. துவைக்க லேசு, சீக்கிரம் காய்ந்துவிடும், விலையும் குறைவு என்று எல்லோரும் செயற்கை இழைச் சேலைக்குப் போய்விட்டார்கள். பழைய சேலை என்று எடுத்தால் கைக்கு வருவது அதுதான். அது ஈரத்தை உறிஞ்சாது, தோலோடு உரசும், காற்று விடாது. அதை வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் சாக்கில் உட்கார்ந்தால் தொடை இடுக்கு புண்ணாகாமல் என்ன செய்யும்?

அப்புறம் காயவைப்பது. ஆண்கள் கண்ணில் படக்கூடாது என்று மாட்டுக்கொட்டகையின் பின்சுவரிலும், கூரைச் செருகலிலும், வேறு சேலைக்கு அடியிலும் போடுகிறார்கள். பாம்பு தாண்டினால் பிள்ளை தங்காது என்ற பயமும் சேர்ந்துகொள்ள, இன்னும் இருட்டான மூலையைத் தேடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது காய்வதே இல்லை. ஈரத்தோடேயே எடுத்து வைக்கிறார்கள். ஈரமும் இருட்டும் சேர்ந்த இடத்தில் பூஞ்சை வளராமல் இருக்காது. அங்கே துணியைப் பார்த்துவிட்டு வந்த நர்ஸம்மா, "இனிமே நான் மாத்திரை மட்டும் எழுதினா பாவம்" என்றார்.

குழாயடி

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எனக்கு இந்த ஊர் புரிந்ததே குழாயடியில்தான்.

தர்மபுரியில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013 முதல் காவிரித் தண்ணீர் கிடைக்கிறது. குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீர். துவைக்க, குளிக்க ஆழ்துளைக் கிணற்றுத் தொட்டி. இரண்டும் பொது இடத்தில். தூரமான பெண் மூன்று நாளைக்கு அந்த இரண்டையும் தொடக்கூடாது. குடத்தை வரிசையில் வைக்கக்கூடாது, தொட்டிக் குழாயைத் திறக்கக்கூடாது. வீட்டில் வேறு பெண் இருந்தால் அவள் கொண்டுவந்து ஊற்றுவாள். இல்லையென்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கெஞ்ச வேண்டும். ஆக, ஒரு மாதத்தில் எந்த மூன்று நாள் அவளுக்குத் தண்ணீர் அதிகமாகத் தேவையோ, அந்த மூன்று நாள்தான் தண்ணீரிலிருந்து அவளை விலக்கி வைத்திருக்கிறார்கள். ரத்தம் படிந்த துணியை அலச மூன்று நான்கு குடமாவது வேண்டும். ஒரு குடத்தில் அலசினால் சோப்பும் கறையும் துணியிலேயே தங்கிவிடும். கழிப்பறை வீட்டுக்கு வீடு கட்டியிருக்கிறார்கள், ஆனால் அங்கும் தண்ணீர் இல்லை. பல வீடுகளில் அதில் விறகும் புளி மூட்டையும் இருந்தன.

தீட்டு பார்ப்பதை நாங்கள் நேரடியாக எதிர்த்துப் பேசவில்லை. இதில் என்னோடு வேலை செய்யும் இளையவர்கள் சிலருக்குக் கோபம் உண்டு, அந்தக் கோபம் நியாயமானது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது, பெரியவளானதற்காகத் தனிக் குடிசையில் வைக்கப்பட்டிருந்த ஒரு சிறுமி பட்டுக்கோட்டைப் பக்கம் மரம் விழுந்து இறந்தாள். விலக்கி வைப்பது ஒரு பிள்ளையின் உயிரையே எடுக்கும் என்று தெரிந்த பிறகு, மெதுவாகப் போவோம் என்று சொல்வது எனக்கும் எளிதாக இல்லை. இருந்தாலும் மாமியார்கள் எழுந்து போய்விட்டால் கூட்டம் அதோடு முடிந்துவிடும். அதனால் தண்ணீரைப் பற்றி மட்டும் பேசினோம்.

இந்த இடத்தில் ஊரே வழி காட்டியது. ஊரின் ஒரு தெருவில் வீட்டுக்கு வீடு குழாய் இணைப்பு ஏற்கெனவே வந்திருந்தது. அந்தத் தெருப் பெண்களிடம் கேட்டபோது, தூரமான நாளிலும் அவர்களே தண்ணீர் பிடித்துக்கொள்வது தெரிந்தது. "எங்க வாசல்ல எங்க குழாய். யாரு பாக்கப் போறாங்க?" என்றாள் ஒரு மருமகள். பக்கத்திலிருந்த மாமியாரும் மறுக்கவில்லை. யாரும் நம்பிக்கையை மாற்றிக்கொள்ளவில்லை, யாரும் பிரச்சாரம் செய்யவில்லை. குழாய் முற்றத்துக்கு வந்ததும் அந்த ஒரு விலக்கு தானாக விழுந்துவிட்டது. மாதவிடாய் சுகாதாரத்துக்கு ஒதுக்கும் பணத்தை எதில் போடலாம் என்று யாராவது என்னைக் கேட்டால், வீட்டுக் குழாயில் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

செய்தது

முதல் வேலை குளிக்கும் மறைப்பு. பெரும்பாலான வீடுகளில் பின்புறம் கீற்றுத் தட்டியாலோ பழைய சேலையாலோ மூன்று பக்கம் மறைத்து, மேலே திறந்த ஒரு இடம் உண்டு. அதைத் தோள் உயரத்திலிருந்து தலைக்கு மேல் உயர்த்தினோம், நான்காவது பக்கத்துக்கு ஒரு படல். உள்ளே குறுக்காக ஒரு கம்பி. பக்கத்திலிருந்து யாருக்கும் தெரியாது, உச்சி வெயில் நேராகத் துணிமேல் விழும். கீற்று, கழி, கம்பி எல்லாம் ஊரிலேயே கிடைத்தவை. முதலில் கட்டியது குழுத் தலைவி வீட்டில். அதைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் வீட்டு ஆண்களையே கட்டச் சொன்னார்கள். பெங்களூருவில் சாரம் கட்டிப் பழகிய கைகளுக்கு இது பெரிய வேலையே இல்லை. எதற்கு என்று சிலர் கேட்டார்கள், சிலர் கேட்கவே இல்லை. கேட்டவர்களிடம் மனைவிமார் சொன்னார்கள்.

வீட்டுக் குழாய் வராத தெருக்களில், மறைப்புக்குள் மூடியோடு ஒரு டிரம், அடியில் ஒரு குழாய். காலையில் வீட்டில் யாராவது நிரப்பிவிட வேண்டும். இது சமரசம்தான். பொதுக் குழாயை அவள் தொடக்கூடாது என்ற விதி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் துணி அலசத் தண்ணீர் கிடைத்தது.

துணிக்கு, குழுவில் தையல் தெரிந்த இருவர் நாப்கின் தைக்கக் கற்றுக்கொண்டார்கள். மேலும் கீழும் மெல்லிய பருத்தி, நடுவில் உறிஞ்சுகிற பருத்தி அடுக்குகள், இரண்டு பக்கமும் சிறகும் பட்டனும். அடர்ந்த நிறப் பூப்போட்ட துணி கேட்டார்கள், காயும்போது நாப்கின் என்று தெரியாது என்பதால். துவைப்பதற்குச் சொல்லிக்கொடுத்தது சுருக்கமானது: பச்சைத் தண்ணீரில் ஊறவையுங்கள், வெந்நீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும். சாதாரண சோப்பு போதும், நன்றாக அலசி வெயிலில் போடுங்கள். உடம்பின் உட்பகுதியைக் கழுவவே வேண்டாம், டெட்டாலும் சோப்பும் அங்கே கூடாது, வெளிப்பகுதிக்குத் தண்ணீர் மட்டும் போதும். இந்தக் கடைசிச் செய்தி பலருக்குப் புதிது. அரிப்பு வந்ததும் அவர்கள் செய்துவந்தது நேர் எதிரானது.

மெஷின் வாங்கி நாப்கின் தயாரிக்கலாமே என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் மலிவான மெஷினைக் கண்டுபிடித்து, அதற்காக 2016-ல் பத்மஸ்ரீ வாங்கியவர் என்பது எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் சுய உதவிக் குழு என்ற ஏற்பாடே 1989-ல் இந்தத் தர்மபுரியில்தான் தொடங்கியது, குழுவாகச் சேர்ந்து தொழில் செய்வது இங்குள்ளவர்களுக்குப் பழக்கமானது. ஆனாலும் மரக்கூழ் வெளியிலிருந்து வரவேண்டும், மின்சாரம் நிற்காமல் இருக்க வேண்டும், பிள்ளைகளுக்கு அரசே இலவசமாகக் கொடுக்கும்போது விற்பனையும் வேண்டும். இத்தனை சின்ன ஊருக்கு அது தாங்காது என்று குழுவே முடிவெடுத்தது. சரியான முடிவு. உடம்புக்குள் வைத்து ரத்தத்தைப் பிடிக்கும் மாதவிடாய்க் கப் (cup) ஒன்றை இரண்டு இளம்பெண்கள் வாங்கிப் பார்த்தார்கள். கேரளத்தின் கும்பளங்கி ஊராட்சி 2022-ல் கப்பையே ஊர் முழுக்கக் கொண்டுபோனது. இங்கே இன்னும் தயக்கம் இருக்கிறது, வற்புறுத்தவில்லை.

ரத்தப்போக்கு

துணியைப் பற்றிய பேச்சு நடந்தபோதுதான் ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், எவ்வளவு தைத்தாலும் தனக்குப் போதாது என்றார். மணிக்கு ஒரு துணி மாற்றுகிறார். கட்டி கட்டியாகப் போகிறது. ராத்திரி எழுந்து மாற்ற வேண்டும். ஒன்பது பத்து நாள் நீள்கிறது. ஆபரேஷன் செய்த உடம்புக்கு அப்படித்தான் இருக்கும், உடம்புச் சூடு என்று நினைத்து மோரும் வெந்தயமும் குடித்துக்கொண்டிருந்தார். புளி வேலையில் மூச்சு வாங்கியதால் கொஞ்ச நாளாகப் போகவில்லை. அதை வீட்டில் சோம்பல் என்றார்கள்.

ஒரு மாதவிடாயில் வெளியேறும் ரத்தம் சாதாரணமாக 30, 40 மில்லிலிட்டர். 80-ஐத் தாண்டினால் அதிகம். யாரும் அளந்து பார்க்க முடியாது. ஒரு மணி, இரண்டு மணிக்குள் துணி முழுக்க நனைவது, கட்டியாகப் போவது, ஏழு நாளுக்கு மேல் நீள்வது, இரவில் எழுந்து மாற்றவேண்டியிருப்பது ஆகியவைதான் அடையாளம். இந்தப் பெண்ணுக்கு நான்கும் இருந்தன. நர்ஸம்மா பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை, 8-க்குக் கீழே கடுமையானது.

அதற்கு முன்பே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். பணம் இல்லாததால் தப்பித்தார். தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் செயல்படுத்த வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட நாட்டில், முப்பத்தைந்து வயதுப் பெண்ணிடம் ஸ்கேன்கூடப் பார்க்காமல் அப்படிச் சொன்னதை நினைத்தால் இப்போதும் மனம் கொதிக்கிறது. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். கர்ப்பப்பையில் சிறிய நார்க்கட்டி. இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள், ரத்தப்போக்கைக் குறைக்க மாத்திரை கொடுத்தார்கள், அறுவை சிகிச்சை இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். சில மாதங்களில் திரும்பப் புளி வேலைக்குப் போனார். அவரைப் பார்த்துவிட்டு, எனக்கும் இப்படித்தான் என்று மேலும் சிலர் வந்தார்கள். தேசிய ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதம் பேர், ரத்தசோகை உள்ளவர்கள். அதில் எத்தனை பேருக்குக் காரணம் சாப்பாடு, எத்தனை பேருக்கு மாதாமாதம் போகிற ரத்தம் என்று கேட்டுப் பார்க்கும் பழக்கம் வரவேண்டும்.

இப்போதைய நிலை

அரிப்பும் வெள்ளைப்படுதலும் என்று திரும்பத் திரும்ப வருபவர்கள் குறைந்திருப்பதாக நர்ஸம்மா சொல்கிறார். சிகிச்சையின்போது தேவைப்பட்டவர்களின் கணவருக்கும் மாத்திரை கொடுத்ததும் ஒரு காரணம். மழைக்காலத்தில் துணி காய்வது இன்னும் சிரமம்தான். அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் போடுகிறார்கள், அல்லது அந்த மாதங்களுக்கு மட்டும் நாப்கின் வாங்குகிறார்கள். சில வீடுகளில் மூன்று நாளும் திண்ணையில் படுப்பது தொடர்கிறது. பெண் பெரியவளானால் ஃபிளெக்ஸ் வைத்து, மொய் எழுதி மஞ்சள் நீராட்டு நடத்துகிற வீடுகளிலும், அது வருவதற்கு முன்பே பிள்ளையிடம் விளக்கிச் சொல்லும் வழக்கம் இன்னும் வரவில்லை. அங்கன்வாடியில் பத்து வயதுப் பிள்ளைகளையும் அம்மாக்களையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசத் தொடங்கியிருக்கிறோம்.

குப்பைக்கு எங்களிடம் பதில் இல்லை. நாப்கினில் பெரும்பகுதி பிளாஸ்டிக், குழியில் புதைத்தால் மட்காது. எரித்தால் வயிறு வெந்துபோகும் என்ற பயம் ஊரில் இருக்கிறது. அந்தப் பயத்தை விட்டுவிட்டாலும், போதுமான வெப்பம் இல்லாமல் எரித்தால் நச்சுப் புகைதான் வரும். ஓடையில் போடுகிறார்கள், நாய் இழுத்து வருகிறது. குப்பை வாங்க வரும் தூய்மைக் காவலரும் ஒரு பெண். சுற்றாமல் போட்ட நாப்கினை அவர் வெறுங்கையால் பிரிக்கிறார். நன்றாகச் சுற்றித்தான் போட வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். தாளில் சுற்றி, சிவப்பு மையில் குறியிட்டுத் தனியாகக் கொடுக்க இப்போது குழுப் பெண்கள் பழகிவருகிறார்கள். ஊராட்சி அதை வாங்கி எங்கே கொண்டுபோகிறது என்பதற்கு ஊராட்சிச் செயலரிடமும் பதில் இல்லை.

அக்டோபர் 2 கிராம சபையில் குழு சார்பாக மூன்று கோரிக்கைகள் எழுதிக் கொடுத்தார்கள்: மீதித் தெருக்களுக்கு வீட்டுக் குழாய், தூய்மைக் காவலருக்குக் கையுறையும் தனி வாளியும், புதுயுகம் நாப்கின் 19 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும். முதல் இரண்டும் தீர்மானத்தில் ஏறின. மூன்றாவது மாநில அரசு முடிவு செய்ய வேண்டியது என்று மேலே அனுப்பியிருக்கிறார்கள். இதற்கிடையே, மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் இந்த ஊர்த் தன்னார்வலர், அவரும் குழுப் பெண்தான், தன் நோட்டில் இன்னொரு பத்தி கோடு போட்டுக்கொண்டார். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கியபோது படிவத்தில் இல்லாத கேள்வி அது. ஐம்பது வயதுக்கு உட்பட்ட எல்லாப் பெண்களிடமும் கேட்கிறார்: "தூரம் எத்தனை நாளுக்கா போவுது? ராத்திரி எழுந்து மாத்துறீங்களா?" ஆமாம் என்பவர்களின் பெயரை வாரக் கடைசியில் நர்ஸம்மாவிடம் கொடுக்கிறார்.